வாசலில் நுழைந்து கொல்லையில் வெளியே: ஈரல் செல்லைப் பிலிரூபின் கடக்கும் விதம்

சென்ற வருடம் என் அக்கா மகன் வேலையில் சேர்வதற்காக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டான். பிலிரூபின் என்பது பழைய ரத்தம் உடையும்போது வரும் மஞ்சள் நிறமி. அதில் மொத்தம் 2.4, டைரக்ட் 0.3, இன்டைரக்ட் 2.1. மற்ற எண்களில் ஒன்றும் குறையில்லை. இந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. ரிப்போர்ட் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த பத்தாவது நிமிஷம் வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. பெரியப்பா கீழாநெல்லி என்றார். சித்தி, சாப்பாட்டில் மஞ்சள்தூளை நிறுத்தச் சொன்னார். "ஈரல் வடிகட்டி அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்" என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

கீழாநெல்லியை விடுங்கள். எனக்கு உறுத்தியது அந்த 'வடிகட்டி'தான். படித்தவர்களும் சரளமாகச் சொல்கிற வார்த்தை அது. காபி பில்டரில் பெரியது மேலே தங்கும், சிறியது கீழே இறங்கும். துளையின் அளவுதான் கணக்கு. சிறுநீரகத்தை ஓரளவுக்கு அப்படிச் சொல்லலாம். ஈரலில் பிலிரூபின் எந்தத் துளையிலும் ஒழுகிப் போவதில்லை. ஒவ்வொரு செல்லிலும் ஒரு பக்கம் நுழைந்து, உள்ளே உருமாறி, மறுபக்கம் வெளியேற்றப்படுகிறது. இந்த மூன்றில் எது நின்றாலும் கண் மஞ்சளாகலாம். ஆனால் எது நின்றது என்பதைப் பொறுத்து, அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயமா என்பது மாறும்.

அடிபட்ட முழங்காலில் தெரிவது

முழங்காலில் அடிபட்டால் அந்த இடம் முதலில் கருநீலமாகக் கன்றிப்போகும். சில நாளில் பச்சை தட்டும். அப்புறம் மஞ்சளாகி மறையும். தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தை உடம்பு உடைத்து அப்புறப்படுத்துகிறது. அதன் படிகள்தான் அந்த நிறங்கள். ரத்தத்துக்குச் சிவப்பு தருவது ஹீம் என்ற பொருள். அது உடையும்போது முதலில் பச்சை நிற பிலிவெர்டின் வரும், அதிலிருந்து மஞ்சள் நிற பிலிரூபின் வரும். இவற்றுக்குப் பொதுப்பெயர் பித்தநிறமி.

முழங்காலில் எப்போதோ நடப்பது மண்ணீரல் முதலான இடங்களில் தினமும் நடக்கிறது. சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். வயதானவை உடைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வளர்ந்த ஒருவர் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிகிராம் பிலிரூபின் உண்டாகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பழைய சிவப்பணுக்களிலிருந்து வருவது.

பித்தநீர் வேறு, பித்தநிறமி வேறு. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளும் கொலஸ்ட்ராலும் இன்னும் பலவும் கலந்த திரவம் பித்தநீர். நிறமி அதில் ஏறிப் போகும் ஒரு பயணிதான்; செரிமானத்தில் அதற்கு வேலை கிடையாது. வாதம், பித்தம், கபம் என்கிற பித்தம் முற்றிலும் வேறு கணக்கு.

மூடிய கை

ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். பிலிரூபினோ தண்ணீரில் கரையாது. அதன் அமைப்பில் தண்ணீரோடு ஒட்டக்கூடிய பகுதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் மூலக்கூறு தன்மேலேயே மடிந்து, அந்தப் பகுதிகளை உள்ளுக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விடுகிறது. விரல்களை மடக்கி மூடிய கை போல. வெளியே தெரிவது எண்ணெய்ப் பிசுக்கான புறங்கை மட்டும். இந்த 'மூடிய கை'யை நினைவில் வையுங்கள். கட்டுரை முழுக்க வரும்.

எண்ணெய்க் குணம் உள்ளதால் அதைத் தனியாக விட்டால் ஆபத்து. செல்களின் வெளிச்சுவரான சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். எண்ணெய் எண்ணெயில் இறங்குவதுபோலப் பிலிரூபின் எந்தச் செல்லுக்குள்ளும் இறங்கிவிடக்கூடும், மூளை செல் உட்பட. பச்சைக் குழந்தைகளுக்கு பிலிரூபின் எல்லை மீறினால் மருத்துவர்கள் பதறுவது இதனால்தான். அதனால் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் பிலிரூபினை இறுக்கிப் பிடித்தபடியே ஈரலுக்குக் கூட்டிப்போகிறது. காவலோடு போகும் கைதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காவல் இருக்கும்வரை அது சிறுநீரிலும் இறங்க முடியாது. இந்த ஒரு விவரம் பின்னால் ரிப்போர்ட்டைப் படிக்க உதவும்.

சுருக்கமாக, இதுவரை: பழைய சிவப்பணுவிலிருந்து பிலிரூபின் வருகிறது, தண்ணீரில் கரையாமல் மூடிக்கொண்டிருக்கிறது, அல்புமின் பிடியில் ஈரலை அடைகிறது.

வாசலும் கொல்லையும்

பழைய தெரு வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் வாசல், அது தெருவைப் பார்த்திருக்கும். பின்னால் கொல்லை. அடுத்த தெரு வீட்டின் கொல்லையும் நம் வீட்டுக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறுகிய வாய்க்கால். ஈரல் செல்களின் வரிசை ஏறக்குறைய இப்படித்தான்.

தெரு என்பது ரத்தம் ஓடும் நுண்குழாய், பெயர் சைனுசாய்டு. அதன் சுவரில் ஓட்டைகள் உண்டு. சிவப்பணு வெளியே வராது, ஆனால் அல்புமின் வரும். வந்து நேராகச் செல்லின் வாசலில் நிற்கும். கொல்லை வாய்க்காலுக்குப் பித்த நுண்கால்வாய் என்று பெயர். பித்தநீர் இதில் ஓடித்தான் கடைசியில் குடலுக்குப் போகிறது. அதற்கெனத் தனிச் சுவர் கிடையாது. அடுத்தடுத்த செல்களின் கொல்லைச் சுவர்களே அதன் கரைகள். அகலம் ஒரு மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாய்க்கால் நீர் தெருவுக்குக் கசியாதபடி செல்களுக்கு இடைப்பட்ட சந்து இறுக்கமாகப் பூசப்பட்டிருக்கும்.

வாசல் பக்கச் சவ்வும் கொல்லைப் பக்கச் சவ்வும் ஒரே செல்லின் தோல்தான். ஆனால் அவற்றில் பதிந்திருக்கும் புரதங்கள் வேறு வேறு. வாசலில் இருப்பது கொல்லையில் இருக்காது. அதனால்தான் சரக்கு ஒரே திசையில் நகர்கிறது. காபி பில்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அது வடிகட்டும். ஈரல் செல் அப்படி இல்லை, அதற்கு முன்னும் பின்னும் உண்டு.

வாசல் கதவு

சவ்வைத் தாண்டிப் பொருளைக் கொண்டுபோகும் புரதத்துக்குக் கடத்திப் புரதம் என்று பெயர். ஈரல் செல்லின் வாசலில் ஓஏடிபி1பி1, ஓஏடிபி1பி3 என்ற இரண்டு முக்கியமானவை. பிலிரூபினுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை அல்ல இவை. கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் இதே கதவில்தான் நுழைகின்றன. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இந்தக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பதால், சிகிச்சை தொடங்கிய நாட்களில் சிலருக்கு பிலிரூபின் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்றம் கதவு நெரிசலா, ஈரல் பாதிப்பா என்பதை மருத்துவர்தான் மற்ற எண்களோடு சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

மூடிய கையாக வரும் பிலிரூபினுக்குக் கதவே தேவைதானா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, ஆய்வாளர்களும் பல வருடமாக இதில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெய்க் குணம் உள்ளது சவ்வில் தானாகவே கரைந்து நுழையும் என்பது ஒரு கட்சி. கடத்திப் புரதம் உதவுகிறது என்பது இன்னொரு கட்சி. இத்தாலியின் திரியெஸ்தே நகர ஆய்வாளர்கள் இதற்கென்றே பிலிட்ரான்ஸ்லோகேஸ் என்ற புரதத்தை முன்வைத்தார்கள். அது இன்னும் எல்லாராலும் ஏற்கப்படவில்லை. மேலே சொன்ன இரண்டு கதவுகளும் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் மூடிய பிலிரூபின் ஒரேயடியாகத் தேங்கிவிடுவதில்லை. ஆகவே அது நுழைய வேறு வழியும் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

உள்ளே: கையைத் திறக்கும் வேலை

நுழைந்த பிலிரூபின் வந்த வழியே திரும்பிவிடாதபடி லிகாண்டின் என்ற உள்வீட்டுப் புரதம் பிடித்துக்கொள்கிறது. பிறகு அது எண்டோபிளாச வலைக்குப் போகிறது. செல்லுக்குள் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் சவ்வுத் தொகுதி அது, வீட்டின் சமையல்கட்டு மாதிரி. அங்கே யுஜிடி1ஏ1 என்ற நொதி, அதாவது ஒரு வேதிவினையை விரைவாக்கித் தரும் புரதம், குளுக்குரோனிக் அமிலத்தைப் பிலிரூபினோடு இணைக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். சர்க்கரையிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் பொருள்தான். பெரும்பாலும் ஒரு பிலிரூபினுக்கு இரண்டு.

சர்க்கரைத் துண்டு ஒட்டியதும் உள்ளே கோத்திருந்த பிடி விட்டுப்போகிறது. மூடிய கை திறக்கிறது. எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் போட்டதும் தண்ணீரோடு போகிறதே, அந்த மாதிரி. இப்படிச் சர்க்கரை சேர்ந்ததை இணைந்த பிலிரூபின் என்றும், சேராததை இணையாத பிலிரூபின் என்றும் சொல்வோம்.

பலர் தவறவிடுகிற இடம் அடுத்ததுதான். திறந்த கை தண்ணீரில் கரையும், சரி. ஆனால் அதே காரணத்தால் இனி அது கொழுப்புச் சவ்வைத் தானாகக் கடக்க முடியாது! வரும்போது சுவரில் கரைந்தாவது வந்திருக்கலாம். இப்போது நான்கு பக்கமும் அடைத்த அறை. யாராவது கொல்லைக் கதவைத் திறந்து தள்ளிவிட்டால்தான் உண்டு. இந்தச் சிறைவாசத்தில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. குடலுக்குப் போன பிறகும் அது குடல் சுவரைக் கடந்து எளிதில் ரத்தத்துக்குத் திரும்ப முடியாது.

கொல்லைப்புற மோட்டார்

வாசலில் ஏறக்குறைய சரிவில் உருள்கிற கதை. கொல்லையில் அப்படி இல்லை. வாய்க்காலில் ஏற்கெனவே செல்லுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இணைந்த பிலிரூபின் நிற்கிறது. நிரம்பிய மேல்நிலைத் தொட்டிக்கு இன்னும் தண்ணீர் ஏற்றுவது போல. மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும்.

மோட்டாரின் பெயர் எம்ஆர்பி2. கடைப் பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் விலை இல்லை, இதுவும் ஒரு கடத்திப் புரதம். கரண்டுக்குப் பதில் ஏடிபி, அதாவது செல்கள் எல்லா வேலைக்கும் செலவழிக்கும் எரிசக்தி மூலக்கூறு. (வாசலில் பார்த்த ஓஏடிபிக்கும் இந்த ஏடிபிக்கும் பெயரில்தான் ஒற்றுமை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) எம்ஆர்பி2 ஏடிபியை உடைத்து, அந்தச் சக்தியில் இணைந்த பிலிரூபினைப் பித்த நுண்கால்வாய்க்குள் தள்ளுகிறது.

பிலிரூபினின் பயணத்தில் மிக மெதுவான படி இதுதான். அதனால் ஈரல் செல் நோயுறும்போது பெரும்பாலும் முதலில் தடுமாறுவதும் இதுவே. ஹெப்படைடிஸ் என்ற ஈரல் அழற்சியில் செல்கள் வீங்கிச் சேதமடையும்போது நொதி ஓரளவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், மோட்டார் திணறும். திறந்த கைகள் உள்ளே குவிந்து, தெருப்பக்கம் வழிந்து ரத்தத்தில் கலக்கும்.

எம்ஆர்பி2 பிறவியிலேயே பழுதானவர்களும் உண்டு. 1954-இல் முதலில் விவரிக்கப்பட்ட அந்த நிலைக்கு டூபின்-ஜான்சன் நோய்க்குறி என்று பெயர். கண் அவ்வப்போது லேசாக மஞ்சளாகும். ஈரல், பார்த்தால் திடுக்கிடும் அளவுக்குக் கறுத்திருக்கும். ஆனால் ஆள் வழக்கம்போல வாழ்ந்துகொண்டிருப்பார்.

மீண்டும் ஒருமுறை: மூடிய கை வாசலில் நுழைகிறது, சமையல்கட்டில் சர்க்கரை ஒட்டித் திறக்கிறது, கொல்லை மோட்டார் அதை வாய்க்காலுக்குத் தள்ளுகிறது.

பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவது

மோட்டார் பழுதானால் செல் வெடித்துவிடாதா? விடாது. வாசல் பக்கத்திலேயே எம்ஆர்பி3 என்ற இன்னொரு மோட்டார் இருக்கிறது. கொல்லையில் போக முடியாததைத் திரும்பத் தெருவிலேயே கொட்டிவிடும். பழுது வந்தால்தான் இது ஓடும் என்றும் இல்லை. தெருவின் தொடக்கத்தில் இருக்கும் வீடுகளில்தான் சரக்கு முதலில் வந்து குவிகிறது. அவை தம்மால் முடியாததைத் தெருவில் விட, ரத்த ஓட்டத்தில் கீழே இருக்கும் வீடுகள் அதை ஓஏடிபி கதவு வழியாக எடுத்துத் தம் கொல்லையில் தள்ளுகின்றன. பிலிரூபின் கணக்கில் அந்தக் கதவு முக்கியமாக உதவுவது இந்தத் திறந்த கைகளுக்குத்தான் என்று இப்போது புரிகிறது.

இது தெரியவந்தது ஓர் அபூர்வ நோய்க்குறியால். மணிலா மருத்துவர் ஆர்துரோ ரோட்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1948-இல் விவரித்தது அது. ரோட்டர் பிலிப்பைன்ஸில் சிறுகதை எழுத்தாளராகவும் பெயர் பெற்றவர். அந்த நோயாளிகளுக்கு இணைந்த பிலிரூபின் ரத்தத்தில் உயர்ந்திருந்தது, ஈரலோ நன்றாக இருந்தது. 2012-இல்தான் விடை வந்தது: ஓஏடிபி1பி1, ஓஏடிபி1பி3 இரண்டும் ஒருசேர இல்லை. மேல்வீடுகள் தெருவில் விட்டதைக் கீழ்வீடுகள் எடுக்க முடியவில்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இது. வடிகட்டிக்கு இந்த மாதிரி அண்டை அயல் ஒத்தாசை தெரியாது.

அந்த ரிப்போர்ட்டுக்குத் திரும்புவோம்

டைரக்ட், இன்டைரக்ட் என்ற பெயர்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. 1916-இல் நெதர்லாந்து மருத்துவர் ஹைமன்ஸ் வான் டென் பெர்க், சில நோயாளிகளின் ரத்தத்தில் வேதிப்பொருளைச் சேர்த்ததும் நேரடியாக நிறம் வருவதையும், சிலருக்கு ஆல்கஹால் சேர்த்த பிறகே வருவதையும் கவனித்தார். நேரடியாக வினைபுரிந்தது திறந்த கை. மற்றதன் மூடிய விரல்களை ஆல்கஹால்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது. ஆகவே, கொஞ்சம் தோராயமாக, டைரக்ட் என்றால் இணைந்தது, இன்டைரக்ட் என்றால் இணையாதது.

இன்டைரக்ட் மட்டும் ஏறியிருந்தால் சிக்கல் சர்க்கரை ஒட்டுவதற்கு முன்னால். ஒன்று, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகின்றன; அல்லது ஒட்டும் நொதி மந்தம். டைரக்ட் ஏறியிருந்தால் சிக்கல் அதற்குப் பின்னால்: மோட்டார், செல் சேதம், அல்லது வாய்க்கால் கீழே பித்தக்கல் போன்றவற்றால் அடைப்பு. திறந்த கை தண்ணீரில் கரைவதால் சிறுநீரிலும் இறங்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். முழு அடைப்பு என்றால் குடலுக்கு நிறமியே போகாது, மலம் களிமண் நிறத்தில் வெளிறிவிடும். மலத்தின் பழுப்பு நிறமே, குடல் பாக்டீரியாக்கள் பிலிரூபினை உடைப்பதால் வருவதுதான்.

என் அக்கா மகனுக்கு ஏறியிருந்தது இன்டைரக்ட். சிவப்பணு உடைவதற்கான அடையாளம் எதுவும் இல்லை. மருத்துவர் கில்பர்ட் நோய்க்குறி என்றார். யுஜிடி1ஏ1 நொதி இவர்களுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வேலை செய்யும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கக்கூடிய பிறவிக் குணம். பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை என்றால் எண் ஏறும், அப்புறம் இறங்கும். மருந்து தேவையில்லை. பரிசோதனைக்கு முந்தைய நாள் ஏகாதசி விரதம் இருந்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. மஞ்சள்தூளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கீழாநெல்லிக்கும் ஒரு வார்த்தை. ஹெப்படைடிஸ் ஏ-யால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்தாலும் அது குணப்படுத்தியதாகத்தான் தோன்றும். எதிர்மாறாகவும் ஏமாறலாம்: உடம்பு தேறி, சிறுநீர் தெளிந்த பிறகும் கண்ணில் மஞ்சள் நிற்கும். நீண்ட நாள் தேங்கிய இணைந்த பிலிரூபினில் ஒரு பகுதி அல்புமினோடு நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. அந்த அல்புமின் தீர வாரக்கணக்காகும். போகிற போக்கில் இன்னொன்று: காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழிக்குத்தான் சரி. நிறமி படிவது கண்ணின் வெள்ளைப் பகுதியில். பார்வைக்கு மஞ்சள் ஏறுவதில்லை.

வெயிலில் கிடந்த குழந்தை

பிறந்த குழந்தைக்கு யுஜிடி1ஏ1 நொதி பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். சிவப்பணுக்களும் சீக்கிரம் உடையும். சரக்கு அதிகம், சமையல்கட்டு இன்னும் தயாராகவில்லை. அதனால்தான் முதல் வாரத்தில் அத்தனை குழந்தைகள் மஞ்சளாகிறார்கள்.

1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டம் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த தலைமைச் செவிலியர் ஜீன் வார்ட், காற்றோட்டத்துக்காகக் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப்போவார். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. துணியின் மூலை மறைத்த இடம் மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்தது. வெயிலில் வைத்த ரத்த மாதிரியிலும் பிலிரூபின் குறைந்தது. 1958-இல் ரிச்சர்ட் கிரீமரும் சக மருத்துவர்களும் நீல விளக்குச் சிகிச்சையை லான்செட் இதழில் வெளியிட்டார்கள்.

விளக்கு செய்வது என்ன? தோலில் இருக்கும் பிலிரூபினின் வடிவத்தை ஒளி முறுக்கிவிடுகிறது, உள்ளே கோத்திருந்த பிடி விடுகிறது. சர்க்கரை இல்லாமலே கை திறக்கிறது. நொதி இல்லாவிட்டாலும் அது பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறும். இதற்குத் தோதானது ஏறக்குறைய 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளம் உள்ள நீல-பச்சை ஒளி. இளவெயிலில் காட்டுவது இதே தத்துவம்தான், ஆனால் வெயிலுக்கு அளவு வைக்க முடியாது. மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அளந்து தரும் விளக்குதான் சிகிச்சை.

ஆனால் ஒளி திறப்பது கையை மட்டும்தான், அடைந்த வாய்க்காலை அது ஒன்றும் செய்யாது. சில குழந்தைகளுக்குப் பித்தக் குழாயே முதல் வாரங்களில் மூடிப்போகும். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை அதற்கு இருக்கிறது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். தைவானில் 2004 முதல் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு நிற அட்டை கொடுத்து, குழந்தையின் மலத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு வாரம் தாண்டியும் குழந்தைக்கு மஞ்சள் போகவில்லை, மலமும் சுண்ணாம்பு மாதிரி வெளிறியிருக்கிறது என்றால் வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போய், டைரக்ட் பிலிரூபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.